இருபது பைட்

2023 நவம்பர் முதற்கிழமை, ஐப்பசி அடைமழை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் என் கடையில் ஒரு கல்வெட்டின் கடைசிப் பக்கத்தை ஒப்புநோக்கிக்கொண்டிருந்தேன். மின்னலும் இடியும் ஒன்றாக வந்தன. அப்படி வந்தால் பக்கத்தில்தான் எங்கோ விழுந்திருக்கிறது. கறண்ட் போனது. பின்னறையில் யூபிஎஸ் ஒரு தரம் கீச்சிட்டுவிட்டு அடங்கிவிட்டது. கறண்ட் இல்லாத நேரத்தில் யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. அது பேசாமல் இருந்தால்தான் நெஞ்சு பதைக்கும்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். பின்னறை முழுக்க மணம். சுட்ட பிளாஸ்டிக்கும் கருவாடும் கலந்த மாதிரி இருக்கும் அந்த மணத்தைக் கணினி திருத்துகிறவர்கள் ஒருமுறை முகர்ந்தால் மறக்கமாட்டார்கள்.

சேர்வர் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். சாதாரண டவர் பெட்டி ஒன்று. பைபர் இணைப்பும் மாறாத ஐபி முகவரியும் எடுத்து, 2017 முதல் எங்கள் வெப்சைட்டைக் கடையிலேயே வைத்து ஓட்டினேன். உள்ளே இரண்டு ஹாட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இதை ரெய்ட் ஒன்று என்பார்கள். ஆனால் இரண்டுக்கும் கறண்ட் வருவது ஒரே பவர் சப்ளையில் இருந்து. இரண்டும் ஒன்றாகச் செத்துவிட்டன.

கல்வெட்டு என்றால் இந்தியாவில் இருப்பவர்கள் கோயிற்சுவரை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒரு சின்னப் புத்தகம். ஒருவர் காலமாகி 31ஆம் நாள், கிரியை முடிந்து சாப்பிட்டுப் போகிற சனத்தின் கையில் கொடுப்பது. முன் அட்டையில் அவருடைய படம். உள்ளே திதி வெண்பா, தேவாரங்கள், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வாழ்க்கை வரலாறு. சில குடும்பங்களில் ஐந்து, ஆறு தலைமுறைக்கு வம்சாவளியும் இருக்கும். சந்திக் கிணற்றை வெட்டுவித்தவர் யார், ஊர்ப் பள்ளிக்கூடம் ஓலைக்கொட்டிலாகத் தொடங்கியபோது முதல் வாத்தியார் யார், மலாயாவுக்குப் போன பெரியப்பா எந்த வருடம் திரும்பி வந்தார் என்பதெல்லாம் வேறெங்கும் எழுதியிருக்காது. கல்வெட்டில் இருக்கும். 1990களின் கடைசியில் இருந்து நான் அவற்றை வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிறேன். 2011இல் இருந்து, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, வெப்சைட்டிலும் போட்டு வந்தேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு பற்று என்றால், அம்மாவின் பையைச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30, யுத்த காலம். ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று அம்மா எடுத்தது ஒரே ஒரு சொப்பிங் பை. காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், இருந்த கொஞ்ச நகை, அம்மப்பாவின் கல்வெட்டு. நாவற்குழிப் பக்கம் சனம் அடி அடியாக நகர்ந்தபோது, மற்றச் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டு வந்தோம். அந்தப் பையை அம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் இல்லை, யன்னலும் இல்லை. அம்மப்பா இருந்தார், 24 பக்கத்தில்.

சரி, பக்கப் இருக்கிறதுதானே என்றுதான் நானும் அன்றிரவு நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அதிகாலை இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தை எடுத்து, அமுக்கி, திகதி போட்டு, முன்னறைக் கணினியில் செருகியிருக்கும் வெளி டிஸ்க்குக்கு அனுப்பும் கட்டளையை நானே எழுதியிருந்தேன். முன்னறைக் கணினி தப்பிவிட்டது. படங்களை நகலெடுப்பது வேறு கட்டளை, அது ஒழுங்காக வேலை செய்திருந்தது, படம் ஒன்றும் போகவில்லை. கறண்ட் வந்ததும் எழுத்து இருக்கும் போல்டரைத் திறந்தேன்.

2021 பெப்ரவரி 11: 38 மெகாபைட். பெப்ரவரி 12: 20 பைட். பெப்ரவரி 13: 20 பைட். கீழே இறங்கிக்கொண்டே போனேன். மார்ச், ஏப்ரல், அடுத்த வருடம், அதற்கு அடுத்த வருடம். ஆயிரத்துக்குக் கிட்டப் பைல்கள், ஒரு நாளும் தவறவில்லை, ஒவ்வொன்றும் 20 பைட்.

பெப்ரவரி 11ஆம் திகதி நான் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். கட்டளைக்குள் இருந்தது பழையது. அன்றிரவு தரவுத்தளம் கதவைத் திறக்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற அமுக்கும் நிரலுக்கு அது தெரியாது. வந்தது ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காக அமுக்கி எழுதி வைத்தது. ஜிசிப் என்ற அந்த நிரல் வெறுமையை அமுக்கினால் வருவது 20 பைட். தலைப்பும் வால்பகுதியும் மட்டும், நடுவில் எதுவும் இல்லை. இப்படி இரண்டு நிரல்களைக் குழாய் போட்டு இணைத்தால், கடைசி நிரல் நன்றாக முடிந்ததா என்பதைத்தான் கணினி பார்க்கும். அதனால் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.

போனது 168 பதிவு. எண்ணிக்கையை விட, போன காலம்தான் என்னை உலுக்கியது. 2021இல் கொரோனா. செத்த வீட்டுக்குப் போக முடியாது, 31க்குச் சனம் கூட முடியாது. யாருக்குக் கொடுப்பதென்று அச்சடிப்பது? கனபேர் "வெப்சைட்டில போட்டுவிடுங்கோ, தம்பி" என்று எழுதியதை மட்டும் அனுப்பினார்கள். 2022 வந்தது, கடதாசி இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சையையே கடதாசித் தட்டுப்பாட்டால் தள்ளிவைத்த வருடம் அது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்கள். கடதாசி கிடைத்த அன்று அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப்போன குடும்பங்கள் எத்தனை. ஆக, அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கடதாசியையே காணாதவை. என் சேர்வரில் மட்டும் இருந்தவை.

ஹாட் டிஸ்க்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையில், கறண்ட் நுழையும் இடத்தில், கூடுதல் மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன டயோடு இருக்கும். சில வேளை அது மட்டும் எரிந்து, அதைக் கழற்றினால் டிஸ்க் உயிர்த்துவிடும். முதலில் அதைத்தான் பார்த்தேன். இரண்டு பலகையிலும் அதைத் தாண்டி எரிந்திருந்தது. அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் பலகையைப் போட்டேன். பலகையை அப்படியே மாற்றினால் வேலை செய்யாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் எட்டுக் கால் சிப் ஒன்றில் எழுதியிருக்கும், அந்தச் சிப்பைச் சூட்டுக்காற்றால் கழற்றிப் புதுப் பலகைக்கு மாற்ற வேண்டும். மாற்றினேன். டிஸ்க் சுழன்றது. பிறகு டிக், டிக், டிக். உள்ளே வாசிக்கும் தலை இடம் தெரியாமல் அலைகிற சத்தம். உடனே பிளக்கை இழுத்துவிட்டேன். அந்தச் சத்தத்தோடு ஓடவிட்டால் தலை தட்டைக் கீறிவிடும், பிறகு எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. கொழும்பில் ஓரிடத்துக்கு இரண்டையும் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த இரண்டு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. இடி விழுந்த மறுநாட் காலை வாடகை ஹோஸ்ரிங் ஒன்றில், எங்கள் முகவரியிலேயே, "தொழில்நுட்பக் கோளாறு, விரைவில் மீண்டு வருவோம்" என்று ஒரு பக்கம் போடப் போனேன். போடுவதற்கு முன் சித்தியின் மகனுக்குப் போன் அடித்ததுதான் நான் செய்த நல்ல காரியம். அவன் இங்கே பல்கலைக்கழகத்தில் கணினி படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை செய்கிறான்.

"அண்ணை, ஒண்டையும் போட்டிடாதேங்கோ! கூகிள் வந்து பாத்தால், இதுதான் புதுப் பக்கம் எண்டு நினைச்சுக்கொண்டு பழசை எறிஞ்சுபோட்டு இதை வச்சிருக்கும்."

அவன் சொன்னது இதுதான். ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது சேர்வர் ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்லும். 200 என்றால், எல்லாம் சரி, இதுதான் பக்கம். 404 என்றால், அப்படி ஒன்று இல்லை. 503 என்றால், இப்போது முடியாது, பிறகு வா. நான் போடவிருந்த அறிவிப்பு 200 என்று சொல்லிக்கொண்டு போயிருக்கும். தேடுபொறியும் நம்பிவிடும், வாசகர்களின் பிரவுசரும் நம்பிவிடும். தங்களிடம் இருக்கும் பழைய நகலை அழித்து, அதே முகவரியில் என் அறிவிப்பை எழுதிக்கொள்ளும். 503 என்று சொன்னால் தேடுபொறி கொஞ்சக் காலத்துக்குப் பழையதை விடாது. எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு வரவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆக, அறிவிப்பைப் போட்டோம், 503 உடன்.

அடுத்ததாக வாசகர்களுக்கு வட்ஸ்அப்பிலும் வைபரிலும் செய்தி அனுப்பினோம். எங்கள் சைட்டைத் திறந்து பார்க்க வேண்டாம். முன்பு அதை வாசித்த கணினியில் பிரவுசரைத் துப்புரவு செய்ய வேண்டாம், முடிந்தால் இரண்டு நாளைக்கு அதில் வேறொன்றும் பார்க்க வேண்டாம். பிரவுசர் தான் கண்ட பக்கங்களை டிஸ்க்கில் ஒரு மூலையில் போட்டு வைக்கும். அந்த மூலைக்கு அளவு உண்டு. புதிது வரவர, கனநாளாகத் தொடாதவை வெளியே போகும். ஒவ்வொரு மணித்தியாலமும் எங்கேயோ ஒரு வீட்டில் எங்கள் பக்கம் ஒன்று அழிந்துகொண்டிருந்தது என்பதே அந்த நாட்களில் என் நினைப்பாக இருந்தது. நித்திரை வரவில்லை.

168இல் 57 அச்சுக்குப் போனவை. அவற்றின் பேஜ்மேக்கர் பைல்கள் முன்னறைக் கணினியில் இருந்தன, எல்லாம் பாமினி எழுத்துருவில். பாமினியில் தட்டியதைக் கணினி தமிழாகப் பார்க்காது. திரையில் யாழ்ப்பாணம் என்று தெரிவது உள்ளே ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி, ஜீ, எச், இசட், கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். ஒரு பெயரைத் தேடுவதென்றால் அந்த மாதிரி ஆங்கில எழுத்தாகத் தட்டித்தான் தேட வேண்டும். இருபத்தைந்து வருடம் தட்டிய விரல், அது தானாகப் போகும். ஒரு கிழமையில் 57ஐயும் யுனிகோடுக்கு மாற்றிவிட்டேன். மிச்சம் 111. கடதாசியைக் காணாத 111.

கூகிளிடம் அப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் இருந்தது. தேடல் முடிவின் பக்கத்தில் சின்னதாக ஓர் இணைப்பு இருக்கும், அமத்தினால் கூகிள் கடைசியாக வந்து பார்த்தபோது பக்கம் எப்படி இருந்ததோ அப்படிக் காட்டும். ஆனால் பக்கத்தின் முகவரி வேண்டும். முகவரிப் பட்டியல் சேர்வரோடு போய்விட்டது. சைட் வைத்திருப்பவர்களுக்காகக் கூகிள் தரும் சேர்ச் கொன்சோலில், எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இருக்கும். அதை இறக்கியபோது முகவரிகள் கிடைத்தன. அங்கே ஒரு தமிழ்ச் சிக்கல். முகவரியில் தமிழ்க் குறி ஒன்று ஒன்பது குறியாக விரியும். எங்கள் சைட்டை ஓட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு பதிவின் முகவரிக்கு 200 குறிக்கு மேல் விடாது. அதனால் தலைப்பு 22 தமிழ்க் குறியோடு வெட்டுப்பட்டுவிடும், அதிலும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. எங்கள் தலைப்புகளோ எல்லாம் "அமரர்" என்று தொடங்கி, ஊர்ப்பெயர், தகப்பன் பெயர் என்று போகும். பட்டியலில் ஊர்ப்பெயரோடு அறுந்து, பின்னால் 2, 3, 4 என்று எண் ஒட்டிய முகவரிகள் வரிசையாக நின்றன. எது யாருடையது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கெதியாகத் திறந்தால் கூகிள் நிறுத்திவிடும், நீ மனிசனா என்று கேட்டுப் படங்களைக் காட்டும். அதனால் வேலையைப் பிரித்தோம். நான் இங்கே, தம்பி கொழும்பில், அக்கா ரொரன்ரோவில், மச்சான் லண்டனில். எங்களுக்குப் பகல் என்றால் அக்காவுக்கு இரவு. ஆளுக்கு முப்பது முகவரி, ஒவ்வொன்றாகத் திறந்து, முழுப் பக்கத்தையும் சேமித்து அனுப்ப வேண்டும். மூன்று நாளில் 52 கிடைத்தது. அக்கா அறுபது வயதுக்காரி. வேலை முடிந்து வந்து, இரவு இரண்டு மணிவரை இருந்து, ஊரில் தனக்குத் தெரிந்த மனிசரின் கல்வெட்டுகளைத் திறந்து திறந்து சேமித்திருக்கிறா. நடுவில் ஒருமுறை போனில் சொன்னா, "எனக்குப் படிப்பிச்ச மாஸ்ரர் செத்தது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

இணைய ஆவணக்காப்பகத்தின் வேபாக் மெசினில் புதிதாக 9 கிடைத்தது. 1996இல் தொடங்கிய அமைப்பு அது, சேர்த்த வெப்சைட் நகல்களை 2001இல் இருந்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சின்னச் சைட்டுகளுக்கு அது அடிக்கடி வராது. வந்தாலும் முகப்பைத்தான் கூடுதலாக எடுக்கும். எங்கள் முகப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று வரி மட்டும். ஒரேயொரு உதவிக் குறிப்பு சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். அங்கே ஒரு பக்கத்தின் முகவரியில் நீளமான நேர எண் இருக்கும். அந்த எண்ணின் வாலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஐ, டி, ஓர் அடிக்கோடு சேர்த்தால், ஆவணக்காப்பகம் தன் பட்டையை ஒட்டாமல் மூலப் பக்கத்தை அப்படியே தரும். திரும்பச் சைட்டில் ஏற்றுவதற்கு அதுதான் வசதி.

ஐந்தாம் நாள் ஒஸ்லோவில் இருந்து ஒரு ஐயா எடுத்தார். "தம்பி, நான் உங்கட சைட்டுக்கு வாறேல்லை. எனக்கு எல்லாம் மெயில் மாதிரி வரும். அது உதவுமோ?" எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அவர் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள் பாவிக்கிறவர், புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுபோகும் எங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையை 2022 நடுப்பகுதியில் இருந்து அதில் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். எங்கள் ஓடையில் முழுப் பதிவும் போகும். தண்டர்பேர்ட் அவற்றைக் கடிதம் போலத் தன் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். ஐயா எதையும் அழிக்கிற பழக்கம் இல்லாதவர். அந்தப் போல்டரை அமுக்கி அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன், பேரன் வந்து செய்து கொடுத்தான். திறந்தால் வரிசை குலையாமல், எழுத்து உடையாமல், திகதியோடு இருந்தன. புதிதாக 21. நன்றி சொல்ல எடுத்தபோது அவர் சொன்னார், "நான் ஒவ்வொண்டையும் ரெண்டுதரம் வாசிக்கிறனான்."

பிரவுசர் மூலைகள்தான் கடினம். முதலில் என் கணினியையே கிண்டினேன், ஒன்றும் இல்லை. சைட்டை நடத்துகிறவர் உள்நுழைந்த நிலையில் பார்க்கும்போது, இதைச் சேமித்து வைக்காதே என்று வேர்ட்பிரஸ் பிரவுசருக்குச் சொல்லிவிடும். கூடத் தரம் திறந்து பார்த்தவன் நான், என்னிடம்தான் ஒன்றும் இல்லை. வெளியில் இருந்தவர்களிடம் இருந்தது. போன்களில் அந்த மூலைக்குள் போக முடியாது. ஆனால் ஏரோபிளேன் மோட் போட்டு, திறந்தபடி கிடக்கும் பழைய பிரவுசர் ராப்பில் "பின்னுக்கு" என்பதை அமத்தினால் சில வேளை வந்துவிடும். பின்னுக்குப் போகும்போது பிரவுசர் புதிதாகக் கேட்காமல், வைத்திருப்பதை எடுத்துக் காட்டும். வந்ததும் ஸ்கிரீன்ஷொட், ஸ்கிரீன்ஷொட், ஸ்கிரீன்ஷொட்.

சூரிச்சில் ஒரு அக்காவின் மடிகணினியில் பயர்பொக்ஸ் இருந்தது. தூரத்தில் இருந்து என்னை உள்ளே விட்டா. போல்டருக்குள் ஆயிரக்கணக்கில் பைல்கள், பெயர் என்று ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் நாற்பது எழுத்தும் எண்ணுமாக ஒரு கோர்வை. எந்தப் பக்கம் என்பது பைலின் கடைசியில் எழுதியிருக்கும், அதை வைத்து எங்கள் முகவரியைத் தேடினேன். ஆறு பைல் மாட்டியது. உள்ளடக்கம் அமுக்கியபடி, வெறும் குப்பை மாதிரித் தெரியும். அவிழ்த்தேன். அவவின் அப்பாவின் கல்வெட்டு. 2021 யூனில் காலமானவர். விமானம் இல்லை, அவவால் வர முடியவில்லை. போனில் அவ இருந்தா, நான் முதல் வரியை வாசித்தேன். அங்கிருந்து சத்தம் இல்லை. பிறகு, "முழுக்க இருக்கோ?" என்றா. கடைசிப் பேரனின் பெயர் வரைக்கும் இருந்தது. இப்படி எட்டு வீட்டுக் கணினிகளில் இருந்து 14 வந்தன.

வந்ததை எல்லாம் அப்படியே ஏற்றிவிடவும் முடியாது. நகல் என்றால் அது எடுத்த நாளின் நகல். ஒரு பதிவைக் கூகிள் நகலில் இருந்து எடுத்துப் போட்டேன். அன்றே ஸ்காபரோவில் இருந்து போன். "என்ர பேர் இல்லை." மூத்த தாரத்து மகள். முதலில் எழுதி வந்தபோது அவவின் பெயரை விட்டிருந்தார்கள், அவ அழுது கேட்ட பிறகு குடும்பத்தார் ஒத்துக்கொண்டு நான் சேர்த்திருந்தேன். கூகிள் வந்து போனது அதற்கு முன்னர். ஒரு கல்வெட்டில் பிள்ளைகளின் பெயர் வரிசை எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. உடனே திருத்தினேன். அன்றில் இருந்து மீட்ட ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு வரி எழுதுகிறேன்: எங்கிருந்து எடுத்தது, அந்த நகல் எந்தத் திகதிக்குரியது, குடும்பத்தார் பார்த்துச் சரி சொன்னார்களா. இதைச் செய்யாமல் பழைய நகலை ஏற்றுவது செத்தவருக்கும் இருப்பவருக்கும் செய்கிற பிழை என்றே நினைக்கிறேன்.

நாங்கள் தப்பியதில் காலத்துக்கும் பங்கு உண்டு. 2024 தொடக்கத்தில் கூகிள் அந்த நகல் இணைப்பை எடுத்துவிட்டது. எங்கள் சேர்வர் மூன்று மாதம் பிந்தி எரிந்திருந்தால் அந்த 52இல் கனக்க இல்லை. பிறகு செப்டம்பரில் கூகிள் வேபாக் மெசினுக்கு இணைப்புக் கொடுத்தது. ஒக்டோபரில் அந்த ஆவணக்காப்பகமே தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள் மூடிக் கிடந்தது. பிறர் வீட்டில் தற்செயலாகக் கிடப்பதை நம்பி ஊரின் எழுத்தை வைத்திருக்க முடியாது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, பக்கப்பை எடுத்து வேறு கணினியில் உண்மையாகவே ஏற்றி, மூன்று பதிவைத் திறந்து வாசிக்கிறேன். பைல் முந்தின நாளை விடச் சிறுத்தால் என் போனுக்குச் செய்தி வரும். ஒரு பிரதி ரொரன்ரோவில் அக்காவிடம். குடும்பத்தார் சம்மதித்தால் பிடிஎப் ஒன்று நூலகம் திட்டத்துக்கும் போகிறது. 2005இல் இருந்து ஈழத்து எழுத்தை எண்ணிமப்படுத்திச் சேர்க்கிற அவர்களிடம் நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. எல்லாவற்றையும் ஏ4 கடதாசியில் ஒரு பிரதி எடுத்து, அலுமாரியில் அடுக்குகிறேன்.

52, 9, 21, 14. மிச்சம் 15. அதில் எட்டுக் குடும்பங்கள், தாங்கள் எனக்கு முதலில் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்துத் தந்தன. ஏழு வரவில்லை.

அந்த ஏழையும் யோசித்துப் பார்க்கிறேன். வந்தவை எல்லாம் யாரோ எங்கேயோ திறந்து வாசித்தவை. அப்பாவை, மாமியை, படிப்பித்த மாஸ்ரரைத் தேடி வந்த ஒருவரின் கணினியில் அவை ஒட்டிக்கொண்டன. பிள்ளைகள் கூடின வீட்டுக் கல்வெட்டு நாலு நாட்டில் நாலு கணினியில் கிடந்தது. வெளிநாட்டில் ஆளில்லாதவர்கள், கலியாணம் கட்டாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள்தான் அந்த ஏழில் கூட.

அதில் ஒன்று, ஒரு ரீச்சருடையது. 2021 ஓகஸ்டில் காலமானவ. தனி ஆள். எழுதித் தந்தது வேலிக்கு அங்கால் இருந்த பெடியன், அவவிடம் படித்தவன், இப்போது மேசன் வேலை செய்கிறான். கொப்பித்தாளில் ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்து தந்தான். நான் தட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அது மழையில் போய்விட்டது. எனக்கு வந்த எத்தனையோ கல்வெட்டு வரலாறுகளில் அதைப் போல ஒன்றை நான் தட்டியதில்லை. திருப்பி எழுதித் தருவாயா என்று 2023இல் கேட்டேன். "அது ஒருக்காத்தான் வந்தது, அண்ணை," என்றான். நான் வற்புறுத்தவில்லை.

போன மாதம், ரீச்சரோடு முன்பு படிப்பித்த ஒரு அம்மா வவுனியாவில் இருந்து எடுத்தா. பழைய போனில் அந்தப் பெடியன் அனுப்பிய இணைப்பு இன்னும் கிடக்கிறதாம். இணைப்பு வேலை செய்யாது. ஆனால் வட்ஸ்அப் ஓர் இணைப்பை அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் தலைப்பையும், ஒரு சின்னப் படத்தையும், தொடக்க வரியையும் எடுத்துச் செய்தியோடு ஒட்டிவிடும். பக்கம் போனாலும் அந்தத் துண்டு போகாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினா. வெள்ளைச் சேலையோடு, பெருவிரல் நகமளவில் ரீச்சர். கீழே:

"வேலிக்கு அங்கால நிண்டு ரீச்சர் கூப்பிடுவா. பின்னேரம் அஞ்சு மணிக்கு விளக்கும் கொப்பியும் வேணும். மண்ணெண்ணெய் எங்கட, போத்தல்…"

அவ்வளவுதான். அதைச் சைட்டில் போட்டேன், எங்கிருந்து கிடைத்தது என்ற வரியோடு. போன ஞாயிற்றுக்கிழமை பெடியன் கடைக்கு வந்தான், மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ பிரதி எடுக்க. திரையைத் திருப்பிக் காட்டினேன். நின்றபடி வாசித்தான். கனநேரம் நின்றான். பிறகு கதிரையை இழுத்து இருந்தான்.

"போத்தல் அவவின்ர, அண்ணை. ஜாம் போத்தல். ஒருநாள் நான் உடைச்சுப்போட்டன்."

நான் கொப்பியை எடுத்தேன்.